பைனான்ஸ் கம்பெனி வேலை எப்படி இருக்கும்? சேரப்போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

2011இல் காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊரில் நகைக்கடன் கிளையில் சேர்ந்தேன். நான்கு ஆண்டு கழித்து வேறொரு கம்பெனி, நாமக்கல் பக்கம், வாகனக் கடன். பிறகு அதிலேயே வசூல் பிரிவு. மொத்தம் பதினோரு ஆண்டு. வெளியே வந்த பிறகும் போன் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனில் தொடங்கி மைத்துனருடைய நண்பரின் மகள் வரை, நேர்காணலுக்கு முதல் நாள் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். நான் வேலை பார்த்த கம்பெனிகளின் பெயர் இதில் இருக்காது.

இது வங்கி வேலையா, வட்டிக்கடை வேலையா? வீட்டில் கேட்கிறார்கள்.

என் வீட்டிலும் கேட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தாய்மாமா "வட்டிக்கடைதானே தம்பி?" என்று கேட்டுவிட்டுக் காப்பியை உறிஞ்சினார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற, வங்கி அல்லாத நிதி நிறுவனம் என்பதுதான் சரியான பெயர். சேமிப்புக் கணக்கு திறக்காது, செக் புத்தகம் தராது. கடன் கொடுத்துத் தவணை வாங்குவதே தொழில். தமிழ்நாட்டில் இது நேற்று முளைத்ததும் அல்ல. சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் 1954இல் தொடங்கியது. ஸ்ரீராம் 1974இல் சீட்டு நிறுவனமாகப் பிறந்து பிறகு லாரிக் கடனுக்கு வந்தது. சோழமண்டலம் 1978. நகைக்கடனில் கேரளத்துக்காரர்கள் கொடி கட்டிப் பறக்கிறார்கள்.

வங்கியோடு ஒப்பிட்டால் ஊழியருக்கு முதலில் உறைப்பது சனிக்கிழமை. 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. நான் இருந்த இரண்டு கம்பெனிகளிலும் அப்படி ஒன்று இல்லை. எதிர் வரிசையில் வங்கியின் ஷட்டர் மூடியிருக்கும். நாங்கள் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வேலையில் இருப்பவர்களுக்குப் பிடித்தது என்ன?

சிபாரிசு இல்லாமல், சொந்த மாவட்டத்திலேயே வேலை கிடைப்பது. நகரத்துக்காரர்களுக்கு இதன் அருமை தெரியாது. என்னோடு பி.காம். முடித்தவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெட்டி கட்டினார்கள். நான் மதியத்துக்கு அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தோடு சைக்கிளில் கிளைக்குப் போனேன்.

சம்பளம் தேதி தவறாது. 2020 ஊரடங்கில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வசூலுக்குப் போகவே வழியில்லை. அப்போதும் சம்பளம் வந்தது. ஊக்கத்தொகைதான் வரவில்லை.

கைக்கு ஒரு தொழில் படிவதும் உண்டு. நகைக்கடனில் ஆறு மாதம் இருந்தால், சங்கிலியை உள்ளங்கையில் வாங்கும்போதே எடை இவ்வளவு என்று கை சொல்லும். வாகனக் கடனில் இரண்டு ஆண்டு போனால், ஒரு பழைய லாரியைச் சுற்றி வந்து, டயரைத் தட்டி, சேஸியைக் குனிந்து பார்த்து, விலை சொல்லிவிடலாம். எந்தக் கல்லூரியும் இதைச் சொல்லித் தருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு நாளைச் சொல்கிறேன். சங்ககிரி பக்கத்தில் பதினான்கு ஆண்டு பிறர் லாரியை ஓட்டிய ஒரு டிரைவர். எட்டு ஆண்டு ஓடிய பழைய லாரி ஒன்றை வாங்க விரும்பினார். சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை. எந்த வங்கியும் அவரை உட்காரச் சொல்லியிருக்காது. நான் அவர் வீட்டுக்குப் போனேன், அவர் ஓட்டிய முதலாளிகள் இருவரிடம் விசாரித்தேன், கடனுக்கு எழுதினேன், கிடைத்தது. பூசை அன்று என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம், உள்ளே கருப்பசாமி படம். "நீங்களே உடைங்க தம்பி" என்று தேங்காயை என் கையில் கொடுத்தார். அந்த மாத ஊக்கத்தொகை எவ்வளவு என்பது மறந்துவிட்டது.

அப்படியென்றால் பிடிக்காதது?

எல்லோரும் ஒரே சொல்லில் சொல்வார்கள்: டார்கெட். ஆனால் எண்ணைப் பார்த்து யாரும் அழுவதில்லை. அந்த எண் நாளுக்கு நான்கு முறை போனில் வருவதுதான் ஆளை அரிக்கிறது. காலை எட்டே முக்காலுக்கு எல்லாக் கிளைகளையும் சேர்த்து ஓர் அழைப்பு. மதியம் ஒன்று. நான்கு மணிக்கு "இன்று எவ்வளவு முடியும், வாக்குக் கொடு" என்று ஒன்று. இரவு, கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் பின்தங்கிய கிளைகளின் பெயர் சிவப்பில் வரும். 31ஆம் தேதி இரவு மலையைப் புரட்டியவனும் ஒன்றாம் தேதி காலையில் பூஜ்ஜியத்தில்தான் நிற்பான்.

நகைக்கடனில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. அங்கே கணக்கு, கிளையில் நிற்கும் மொத்தக் கடன் நிலுவையை வைத்து. ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் நெருங்கும்போது ஓர் அம்மாள் மகளுக்குப் போட வேண்டிய நகையை மீட்க வருவார். ஆறு மாதம் சிறுகச் சேர்த்த பணம், புடவைத் தலைப்பில் முடிந்திருக்கும். அவருக்கு அது பெரிய நாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் எங்கள் முகம் வாடும், நிலுவை குறைகிறதே. ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்காக அதே நகை திரும்பி வந்தால் கிளையில் உற்சாகம். ஒருவர் கஷ்டத்தில் சிரித்து, நல்ல காரியத்தில் முகம் வாடும் வேலை என்று இரண்டாம் ஆண்டில்தான் எனக்குப் புரிந்தது.

கவுண்டரில் வாடிக்கையாளர் சண்டை போடுவார்களாமே?

விதி மும்பையில் மாறும். சண்டை நம் கவுண்டரில் நடக்கும். 2012 மார்ச்சில் நகை மதிப்பில் 60 சதவீதத்துக்கு மேல் கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எங்களைப் போன்ற நிறுவனங்களுக்குச் சொன்னது. முந்தைய வாரம் வரை அதிகம் வாங்கியவர் அடுத்த வாரம் வந்து, நான் ஏதோ கமிஷன் அடிப்பதாக நினைத்துக் கத்தினார். 2014 ஜனவரியில் அது 75 ஆனது. 2025 ஜூனில் வந்த புதிய விதி, இரண்டரை லட்சம் வரை 85, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று பிரித்திருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேல் கடனை ரொக்கமாகத் தரக்கூடாது என்பது வருமான வரிச் சட்டத்தில் இருந்ததுதான். 2024 மேயில் ரிசர்வ் வங்கி அழுத்திச் சொன்ன பிறகு, "ஆஸ்பத்திரியில் ரொக்கம் கேட்கிறார்கள்" என்று நிற்பவரிடம் கணக்கில் போடுவதாகச் சொல்ல வேண்டியதும் அதே கவுண்டர் ஊழியர்தான்.

நகைக்கடன் கிளையில் "சாவி வாங்காதே" என்று ஒருவர் சொன்னார். என்ன அர்த்தம்?

அவர் உங்கள் நலன் விரும்பி. பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், மற்றது இன்னொரு ஊழியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். கள்வனுக்கு எதிரான நல்ல ஏற்பாடு. சாவி வைத்திருப்பவனுக்குக் கால்விலங்கு.

நான் சேர்ந்த எட்டாவது மாதம் இரண்டாவது சாவி என்னிடம் வந்தது. பதவி உயர்வு என்று நினைத்து அம்மாவிடம் சொன்னேன். அரைஞாண் கயிற்றில் முடிந்து, சட்டைக்குள் விட்டுக்கொள்வேன். குளிக்கப் போனால் கிணற்றுத் திட்டில் கண்ணெதிரே வைப்பேன். நடுத்தூக்கத்தில் கை இடுப்பைத் தொட்டுப் பார்க்கும். ஒருமுறை 102 டிகிரி காய்ச்சல். கிளை திறக்க வேண்டும். சாவியை வேறொருவரிடம் கொடுக்க வேண்டுமென்றால் பதிவேட்டில் நேரம் குறித்து, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நான்கு பேர் இருக்க வேண்டிய கிளையில் மூன்று பேர்தான். மூன்றாமவர் சேர்ந்து பத்து நாள் ஆனவர். ஆட்டோவில் போய்ப் பெட்டகத்தைத் திறந்துவிட்டு, பின் அறையில் பழைய பதிவேடுகளுக்கு நடுவே மாலை வரை படுத்திருந்தேன். மூடவும் நான்தானே வேண்டும்?

சித்தப்பா மகன் திருமணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய் இலை போடும் முன் திரும்பிய கதையும் உண்டு. ஆகையால் வேலையில் சேரும்போது கேளுங்கள்: கிளையில் சாவி வைத்திருக்கத் தகுதியானவர் எத்தனை பேர்? இரண்டே பேர் என்றால் உங்கள் விடுப்பு காகிதத்தில் மட்டும் இருக்கும்.

போலி நகை வந்துவிட்டால் ஊழியர் தலையில் கட்டுவார்களா?

பல இடங்களில் கட்டுகிறார்கள். எனக்கும் கட்டினார்கள்.

நகையை உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டுப் பார்ப்பது வழக்கம். ஏமாற்றுகிறவர்களுக்கும் அது தெரியும். நாம் எங்கே தேய்ப்போம் என்பதும் தெரியும். 2013இல் எங்கள் கிளைக்கு வந்த 24 கிராம் சங்கிலியில் கொக்கியும் அதை ஒட்டிய வளையங்களும் சுத்தமான தங்கம். மதிப்பீட்டாளர் அங்கேதான் உரசினார். நடுப்பகுதி முழுக்கத் தடித்த முலாம். ஐந்து மாதம் கழித்து, காலையில் சொல்லாமல் வந்த தணிக்கையில் தெரிந்தது. கடன் 38,000 ரூபாய். முகவரிக்குப் போனால் பூட்டிய வீடு. மதிப்பீட்டாளருக்குப் பாதி, எனக்குப் பாதி. மாதம் 1,900 வீதம் பத்து மாதம் பிடித்தார்கள். அப்போது என் சம்பளம் 9,200.

விளக்கம் கேட்காமல், பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்று ஊதியச் சட்டத்தில் இருப்பது எனக்கு அன்று தெரியாது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் போடாதீர்கள். விளக்கம் எழுதிக் கொடுங்கள், ஒரு நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். சங்கிலி வந்தால் கொக்கியை விட்டு நடுவிலும் இரண்டு இடத்தில் உரசச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வசூல் வேலை ரவுடித்தனமா?

இல்லை, இருக்கவும் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது தெளிவானது: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கடனாளியை அழைக்கக்கூடாது, மிரட்டல், அவமானப்படுத்தல், உறவினர்களைத் தொந்தரவு செய்தல் எதுவும் கூடாது. மேலே இருப்பவர் "எப்படியாவது வாங்கு" என்று போனில் சொல்வார், எழுத்தில் தரமாட்டார். புகார் வந்தால் நிற்பது நீங்கள் மட்டும்.

கணக்கு வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். தவணை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். முன்பெல்லாம் மாதக் கடைசியில் ஒரு தவணையைக் கெஞ்சி வாங்கினால் கணக்கு 90க்குள் திரும்பிவிடும், எல்லோரும் மூச்சு விடுவோம். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி அந்தக் கதவை மூடியது: ஒருமுறை வாராக்கடன் ஆனால் பாக்கி முழுவதையும் கட்டினால்தான் நல்ல கணக்கு. கடனாளியிடம் ஒரு தவணைக்குத்தான் பணம் இருக்கும். அதை வாங்கி வந்தாலும் பட்டியலில் உங்கள் பெயர் சிவப்பிலேயே இருக்கும்.

முன்னால் சொன்ன சங்ககிரி டிரைவர் ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்குக்குப் பிறகு அவருக்கு லோடு சரியாக அமையவில்லை, டீசல் விலை ஏறியது, என்ஜின் வேலை ஒன்று வந்தது. நான் அப்போது வசூலில் இருந்தேன். அவருடைய கோப்பு என்னிடமே வந்தது. முதல் இரண்டு முறை அவரே பேசினார். மூன்றாம் முறை போனபோது அவருடைய அம்மா திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். மகன் திருச்செங்கோடு போயிருப்பதாகச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது. மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த மாதம் அவரே லாரியை ஓட்டிவந்து தவணை நின்ற வண்டிகளை வைக்கும் எங்கள் யார்டில் நிறுத்தினார். சரக்கு இல்லாத லாரி, கழுவித் துடைத்திருந்தார். காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். இறங்கும் முன் கருப்பசாமி படத்தை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டார். "உங்க மேல வருத்தம் இல்லை தம்பி" என்றார். திட்டியிருக்கலாம்.

பெண்களுக்கு ஏற்ற வேலையா?

கிளைக்குள் இருக்கும் வேலை என்றால், நான் பார்த்த பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் இருந்தார்கள். கழிப்பறை இருக்கிறதா, மாலை கணக்கு முடித்து ஷட்டர் போட எத்தனை மணி ஆகும், கடைசி பஸ் எப்போது: இந்த மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஐந்து ரூபாய் கணக்கில் இடித்தால் ஏழரைக்கு முன் கிளம்ப முடியாது.

வெளிவேலை பற்றி என் தங்கைதான் சொல்ல வேண்டும். பெண்கள் குழுக்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் குறுங்கடன் நிறுவனத்தில் மூன்று ஆண்டு இருந்தாள். காலை ஏழு மணிக்கு முதல் கூட்டம். பெண்கள் நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் கிளம்புவதற்குள் முடித்தாக வேண்டும். ஸ்கூட்டியின் பெட்டியில் ரொக்கத்தோடு கிராமம் கிராமமாகப் போனாள். "அக்கா, உங்களுக்காக வைத்திருந்தேன்" என்று கொய்யாப்பழம் கொடுத்த கைகளைப் பற்றி இன்றும் பேசுவாள். குழுவில் ஒருத்தி பணம் இல்லாமல் வராத நாளில் மற்றவர்கள் அவளைப் பேசும் பேச்சைக் கேட்க முடியாமல்தான் வேலையை விட்டாள். 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, இரண்டு முறை தொடர்ந்து கூட்டத்துக்கு வராதவரை மட்டுமே வீட்டில் போய்ப் பார்க்கலாம். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கே இந்தக் கடன், மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது. அவள் இருந்தது அதற்கு முன்.

சம்பளத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று சொல்லும் எண்ணைப் பார்க்காதீர்கள்; அதில் கிடைக்காமலே போகக்கூடிய ஊக்கத்தொகையும் சேர்ந்திருக்கும். அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதியும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் அதை ஒட்டியே வரும். நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு முடிந்தால் கிராஜுவிட்டி. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை. 13,000 என்றால் 7,500. ஆறு ஆண்டுக்கு 45,000. நாலரை ஆண்டில் கோபத்தில் விட்டுவிட்டு வந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

பெட்ரோல் படி கிலோமீட்டருக்கு எவ்வளவு, எந்த ஆண்டு நிர்ணயித்தது என்று கேளுங்கள். வெளிவேலைக்காரனின் சம்பளம் ஓட்டைப் பானை போல ஒழுகுவது அங்கேதான்.

அசல் சான்றிதழைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது.

எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் ஒரே கம்பெனியில் ஒரே சம்பளத்துக்கு நான் சொர்க்கத்திலும் இருந்தேன், நரகத்திலும் இருந்தேன். நடுவில் மாறியது பகுதி மேலாளர் மட்டும். முன்னவர் கிளைக்கு வந்தால் முதலில் "சாப்பிட்டாயா?" என்பார், இலக்கு அதே இலக்குதான், அவரும் விடமாட்டார். பின்னவர் காலை அழைப்பில் என் தோழரை நாற்பது பேர் கேட்க "நீ எதற்குப் பேன்ட் போட்டிருக்கிறாய்?" என்றார். அந்தத் தோழருக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு.

ஆகவே கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, உங்களைப் போடப்போகும் கிளை எது, பகுதி மேலாளர் யார், அந்தக் கிளையில் கடந்த ஓர் ஆண்டில் எத்தனை பேர் போனார்கள் என்று விசாரியுங்கள். கிளைக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரரிடம் கேட்டால் போதும். ஊழியர்கள் போனில் மன்னிப்புக் கேட்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர்தான்.

விட்டுவிட முடிவு செய்தால் எப்படி வெளியே வருவது?

கோபத்தில் நின்றுவிடாதீர்கள். நோட்டீஸ் காலத்தை முடித்து, பணியிலிருந்து விடுவித்த கடிதத்தைக் கையில் வாங்குங்கள். அடுத்த கம்பெனி முதலில் அதைத்தான் கேட்கும். உங்கள் பெயரில் உள்ள ரசீதுப் புத்தகம், அடையாள அட்டை, போன் எல்லாவற்றுக்கும் ஒப்படைத்த சீட்டு வாங்குங்கள். சாவி இருந்தால் பதிவேட்டில் நேரத்தோடு இருவர் கையெழுத்தும் விழுந்த பிறகு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகைக்கடன் கிளையை விட்ட அன்று மாலை 6.20க்குச் சாவியைக் கொடுத்தேன். அரைஞாணில் முடிச்சை அவிழ்க்க வரவில்லை. மேலாளர் கத்தரிக்கோலால் நறுக்கினார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் வருவதற்குள் நான்கைந்து முறை இடுப்பைத் தடவிப் பார்த்திருப்பேன். ஒருமுறை பதறி எழுந்தே விட்டேன். பக்கத்தில் இருந்தவர் "பர்ஸ் போச்சா தம்பி?" என்று கேட்டார்.